ஸ்னோமொபைலில் மலைக்குப் போகிறீர்களா? பீக்கன் வாங்கும் முன் படியுங்கள்

பனி நாட்டுக்குப் புதிதாக வந்தவர்களை வேலையிடத்து நண்பர்கள் ஸ்னோமொபைல் என்ற பனி வண்டி ஓட்டக் கூப்பிடுவார்கள். தாராளமாகப் போங்கள். ஆனால் போட்டு வைத்த பாதையை விட்டுச் செங்குத்தான சரிவுகள் பக்கம் போவதாக இருந்தால், ஜாக்கெட், பூட்ஸுக்கு முன்னால் பனிச்சரிவு பீக்கனுக்குக் காசு ஒதுக்குங்கள். பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் சிறு ரேடியோ கருவி அது. பனிக்குள் புதைந்தவரை 10 நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார். அரை மணி நேரமானால் பிழைப்பது மூன்றில் ஒருவர்தான். மீட்புக் குழு அதற்குள் வந்து சேராது. கூட இருப்பவர்கள்தான் தோண்டி எடுக்க வேண்டும்.

பீக்கன் செய்வது இவ்வளவுதான்: ஓயாமல் ரேடியோ துடிப்பு அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒருவர் புதைந்தால் மற்றவர்கள் தங்கள் பீக்கனைத் தேடும் நிலைக்கு மாற்றி, திரையில் தெரியும் அம்புக்குறியையும் தூரத்தையும் பார்த்து நெருங்க வேண்டும். எல்லாக் கம்பெனிகளும் 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் செய்கின்றன. அதனால் ஐரோப்பாவில் வாங்கியது வட அமெரிக்காவிலும் வேலை செய்யும். செல்போன் இதற்கு மாற்று ஆகாது.

மூன்று ஆன்டெனா உள்ள டிஜிட்டல் பீக்கனாக வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய ஒற்றை ஆன்டெனா பீக்கனை யாரிடமும் வாங்காதீர்கள். இருவர் புதைந்தால், கண்டுபிடித்த ஒருவரைக் குறித்துவிட்டு அடுத்தவரைத் தேட உதவும் வசதி இருக்க வேண்டும். தேடும்போது இரண்டாவது பனிச்சரிவு வந்து நம்மையும் மூடினால், தானாக அனுப்பும் நிலைக்குத் திரும்புவதும் அவசியம். பெட்டியில் எட்டும் தூரம் 50 மீட்டர், 70 மீட்டர் என்று போட்டிருப்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். கடைசி மூன்று மீட்டரில் எவ்வளவு தெளிவாகக் காட்டுகிறது, தடித்த கையுறையோடு சுவிட்சைத் தள்ள முடிகிறதா என்று கடையிலேயே பாருங்கள். என்னைக் கேட்டால், ஏகப்பட்ட மெனு உள்ளதைவிட எளிமையானதுதான் பதற்றத்தில் கைகொடுக்கும்.

ஸ்னோமொபைல்காரர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எஞ்சின், போன், வாக்கி டாக்கி, சூடேறும் கையுறை எல்லாமே பீக்கனைக் குழப்பும். சாதாரணமாக 20 சென்டிமீட்டர், தேடும்போது 50 சென்டிமீட்டர் தள்ளியே இருக்கட்டும். தேடத் தொடங்கியதும் எல்லா வண்டிகளையும் அணைத்துவிடுங்கள்.

பீக்கனை உடம்போடு பட்டை போட்டு, மேல் ஜாக்கெட்டுக்குள் கட்டிக்கொள்ளுங்கள். வண்டிப் பையில் வைக்கவே வைக்காதீர்கள். பனிச்சரிவில் வண்டி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம் போய்விடும். புதைந்தவர் இருக்கும் இடத்தைப் பனியில் குத்திப் பார்க்கும் மடக்குக் கம்பியும், தோண்ட உலோக மண்வாரியும் அதே காரணத்துக்காக முதுகுப் பையில்தான் இருக்க வேண்டும். இவை இரண்டும் இல்லாமல் பீக்கன் மட்டும் இருந்தால் இடம் தெரியும், ஆளை எடுக்க முடியாது.

பேட்டரி கையேட்டில் சொன்ன வகையாகவே இருக்கட்டும். அல்கலைன் கேட்கும் கருவியில் ரீசார்ஜ் பேட்டரி போட்டால் மீதி அளவைத் தப்பாகக் காட்டும்.

அப்புறம், பனிச்சரிவுப் பாதுகாப்பு வகுப்பு ஒன்றுக்குப் போங்கள். ஒரு பீக்கனைப் பனியில் புதைத்து வைத்துத் தேடிப் பழகுங்கள். கிளம்பும் நாளில் அன்றைய பனிச்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். எல்லோருடைய பீக்கனும் அனுப்புகிறதா, தேடுகிறதா என்று ஒவ்வொருவராகச் சோதியுங்கள். சரிவில் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் ஏற வேண்டும். நண்பரின் வண்டி மேலே சிக்கிக்கொண்டாலும் உதவுவதாக நினைத்துப் பின்னாலேயே ஏறாதீர்கள். குழுவில் யாராவது ஒருவரிடம் பீக்கன் இல்லையென்றால், அன்றைக்கு மலை அடிவாரத்தையும் விட்டு விலகிய சமவெளிப் பாதையிலேயே எல்லோரும் ஓட்டுங்கள்.