பெல்ஜியத்துச் செசோனும் வேப்பம்பூ வடகமும்

பெல்ஜியத்தில் இருக்கும் மச்சான் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தபோது ஒரு செசோன் பியர் கொண்டுவந்தார். தக்கை அடைத்துக் கம்பி கட்டிய 750 மில்லிப் போத்தல். கொடி ஏறிவிட்டதால் வீட்டில் மரக்கறிச் சாப்பாடு. அம்மா அதை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவிட்டார். 25 நாளும் முடிந்த பிறகுதான் பிரிட்ஜுக்கே போனது.

தக்கை வெடித்த சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. கிளாஸில் பாதி நுரை. தோடம்பழத் தோல் மணமும் மிளகு வாசமும். மிளகே போடவில்லை, ஈஸ்ட் பார்த்த வேலை என்றார் மச்சான். 30 பாகை தாண்டிய சூட்டிலும் புளிக்கும் ஈஸ்டாம். இனிப்பை அநேகமாக முழுதும் தின்றுவிடுவதால் வாயில் தித்திப்பே நிற்கவில்லை.

அப்புறம் வந்தது கசப்பு. எனக்குச் சட்டென்று வேப்பம்பூ வடகம்தான் நினைவுக்கு வந்தது. பியருக்குக் கசப்புத் தரும் ஹொப்ஸும் ஒரு கொடியின் பூதானே! முதல் கிளாஸ் பிடிக்கவில்லை, உண்மையைச் சொல்கிறேன். இரண்டாவதை இறால் பொரியலோடு குடித்தேன். பொரியல்தான் முதலில் தீர்ந்தது.

பெல்ஜியத்தின் தெற்குப் பகுதியான வலோனியாவின் பண்ணைகளில் குளிர்காலத்தில் காய்ச்சி, கோடையில் வயல் வேலைக்கு வருபவர்களுக்குக் கொடுத்த குடிவகை இது. அத்தனை மாதம் கெடாமல் இருக்க ஹொப்ஸ் உதவியது. நம் பனங்கள்ளை அப்படி வைக்க முடியுமா? காலையில் இறக்கியது மறுநாள் காடிப் புளிப்பு.

—

அண்ணை, உங்கள் அம்மா ஒளித்தது நல்லதாகப் போயிற்று. எனக்குக் கிடைத்த செசோன் பச்சைப் போத்தல். அழகாக இருக்கிறதே என்று யன்னலோரம் இரண்டு நாள் வைத்தேன். வெயில் பட்டால் ஹொப்ஸின் கசப்புச் சத்திலிருந்து கந்தக நாற்றம் கிளம்பும் என்பது பிறகுதான் தெரிந்தது. மண்ணிறப் போத்தல் என்றால் ஓரளவு தாங்கியிருக்கும். முழுவதையும் வாழையடியில் ஊற்றினேன்.

—

நான் ஒரு செசோனைப் பெரியப்பாவுக்குக் கொடுத்துப் பார்த்தேன். நாற்பது வருடம் கள்ளுத் தவறணைக்குப் போய்வந்த மனிதர். கிளாஸ் வேண்டாம் என்று பனையோலைப் பிளாவில் வாங்கினார். ஒரு மிடறு குடித்துவிட்டு, "கள்ளுக்குள் பரியாரியார் ஏதும் மருந்து கலந்தவரோ?" என்று கேட்டார். சரி, பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று போத்தலை எடுக்கப் போனேன். தரவில்லை.