ஹ்யூபலும் வீசலும் உண்மையில் கண்டறிந்தது என்ன? 7 வயதில் தெரியவந்த சோம்பேறிக் கண்ணுக்கு அது என்ன சொல்கிறது?

கேள்வி

வணக்கம். என் அக்கா மகனுக்கு 7 வயது. பள்ளியில் நடந்த கண் பரிசோதனையில் அவனுடைய இடது கண் சோம்பேறிக் கண் என்று தெரியவந்தது. இரு கண்களுக்கும் பவர் வித்தியாசம் அதிகம் என்பதால் கண்ணாடி கொடுத்து, வலது கண்ணை நாள்தோறும் சில மணி நேரம் பேட்ச் ஒட்டி மூடிவைக்கச் சொல்லியிருக்கிறார்கள். கண்ணில் நோய் எதுவும் இல்லை, மூளைதான் அந்தக் கண்ணைப் பயன்படுத்தப் பழகவில்லை என்று மருத்துவர் சொன்னதைக் கேட்டதிலிருந்து இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்துவருகிறேன். எங்கே தொடங்கினாலும் டேவிட் ஹ்யூபல், டார்ஸ்டன் வீசல் என்ற இரு பெயர்களில் வந்து நிற்கிறது. அவர்கள் பூனைக்குட்டிகளின் கண்ணிமையைத் தைத்து மூடி ஆராய்ந்தார்கள் என்றும், ஒரு பருவம் கடந்துவிட்டால் பார்வை மீளாது என்று நிறுவினார்கள் என்றும் படித்த நாளிலிருந்து அக்காவுக்கு உறக்கமில்லை. அவர்கள் உண்மையில் எதைக் கண்டார்கள் என்பதை அறிந்தவர்கள் விரிவாக விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி: நரம்பியல் ஆய்வு மாணவி

தாங்கள் படித்தது, அவர்கள் இருவரும் இருபது ஆண்டுகளுக்கு மேல் சேர்ந்து உழைத்ததில் ஒரு பகுதிதான் என்பதால், தொடக்கத்திலிருந்து சொல்கிறேன். ஹ்யூபல் 1926இல் கனடாவின் விண்ட்சர் நகரில் பிறந்தவர். மக்கில் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும் படித்துவிட்டு அதன் பிறகே மருத்துவத்துக்கு வந்தார். அமெரிக்க இராணுவப் பணிக்காக வால்டர் ரீட் ஆய்வு நிலையத்தில் இருந்தபோது, டங்ஸ்டன் கம்பியை மின்வேதி முறையில் ஊசியினும் கூராக்கி, நுனி நீங்கலாக மற்ற இடமெங்கும் மின்காப்புப் பூச்சிட்டு, மூளையில் ஒரேயொரு நியூரானின் (நரம்புச் செல்லின்) மின்துடிப்பைப் பிரித்துக் கேட்கவல்ல மின்முனையைச் செய்தார். 1957இல் அதை வெளியிட்டார். அவருடைய பெயரைச் சொல்லும்போது இந்தக் கைவேலையை யாரும் நினைப்பதில்லை என்பது எனக்கு வருத்தமே. இது இல்லாமல் பின்னால் வந்த எதுவும் நடந்திருக்காது.

1958இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஸ்டீபன் கஃப்ளரின் ஆய்வகத்தில் சுவீடனிலிருந்து வந்த வீசலுடன் இணைந்தார். விழித்திரையின் நியூரான்கள் சிறு ஒளிப்பொட்டுக்குத் துடிக்கும் என்று கஃப்ளர் 1953இலேயே காட்டியிருந்ததால், இவர்களும் கண்ணாடிச் சில்லில் கரும்புள்ளி ஒன்றை வைத்துக்கொண்டு, பூனையின் பெருமூளைப் புறணியிலும் (பார்வையைக் கையாளும் மூளை மேலடுக்கிலும்) அதையே தேடினார்கள். மணிக்கணக்கில் முயன்றும் பயனில்லை. சில்லை ஒளி வீழ்த்தும் கருவிக்குள் செருகிய ஒரு கணத்தில், மின்முனையோடு இணைத்திருந்த ஒலிபெருக்கி படபடவென்று பொரிந்தது. பிறகுதான் தெரிந்தது, அந்த நியூரான் கரும்புள்ளியைப் பொருட்படுத்தவே இல்லை, சில்லின் விளிம்பு விழித்திரையில் வீழ்த்திய மெல்லிய நிழற்கோடு ஒரு குறிப்பிட்ட சாய்வில் நகர்ந்தபோதே துடித்தது என்று. வேறு சாய்வில் அந்தக் கோட்டைக் காட்டினால் அது வாய் திறப்பதில்லை.

1959இல் இது கட்டுரையாக வந்தது; கஃப்ளருடன் ஹார்வர்டுக்குச் சென்றதும் அதே ஆண்டுதான். அங்கே புறணியின் ஒழுங்கமைப்பைப் படிப்படியாக வெளிக்கொணர்ந்தார்கள். ஒரே சாய்வை விரும்பும் நியூரான்கள் மேலிருந்து கீழாக ஒரு தூணைப்போல் அடுக்கப்பட்டிருக்கின்றன. மின்முனையைப் பக்கவாட்டில் நகர்த்தினால் அந்தச் சாய்வு சிறிது சிறிதாகத் திரும்பி, ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டருக்குள் எல்லாக் கோணங்களும் வந்துபோகின்றன. இடக்கண்ணுக்கும் வலக்கண்ணுக்கும் உரிய பகுதிகளோ வரிக்குதிரையின் பட்டைகளைப்போல் மாறி மாறி அமைந்திருக்கின்றன. தங்கள் அக்கா மகனின் சிக்கலைப் புரிந்துகொள்ள உதவுவது இந்தப் பட்டைகள்தான். 1981இல் நோபல் பரிசின் ஒரு பாதி ரோஜர் ஸ்பெர்ரிக்கும், மறு பாதி இவர்கள் இருவருக்கும் கிடைத்தது.

மறுமொழி: குழந்தைகள் கண் பிரிவில் பணியாற்றும் ஆப்டோமெட்ரிஸ்ட்

அம்மா, தங்கள் அக்காவின் உறக்கத்தைக் கெடுத்த பகுதிக்கு நான் விடை சொல்ல முயல்கிறேன். 1963இல் வெளிவந்த ஆய்வில், பிறந்த சில நாள்களிலேயே பூனைக்குட்டியின் ஒரு கண்ணை மூடி, ஏறத்தாழ மூன்று மாதங்களுக்குப் பிறகு திறந்தார்கள். அந்தக் கண்ணின் விழித்திரை சரியாகவே வேலை செய்தது. புறணியிலோ கிட்டத்தட்ட எல்லா நியூரான்களும் திறந்திருந்த கண்ணுக்கு மட்டுமே துடித்தன. வளர்ந்த பூனையின் கண்ணை அதைவிட நீண்ட காலம் மூடியும் இப்படி ஆகவில்லை. பின்னர் 1970இல், பூனையில் இந்தப் பருவம் நான்காம் வாரத்தில் தொடங்கி மூன்றாம் மாத இறுதியோடு அடங்குகிறது என்று வரையறுத்தார்கள்.

இவற்றைவிட முக்கியமாக நான் கருதுவது 1965இல் வந்த முடிவு. இரு கண்களையும் சேர்த்து மூடினால் பாதிப்பு இரு மடங்காகும் என்றுதான் யாரும் எதிர்பார்த்திருப்பார்கள். ஆனால் புறணியின் நியூரான்களில் பாதிக்கு மேல் ஓரளவு இயல்பாகவே விடையளித்தன. அப்படியானால் ஒற்றைக் கண்ணின் பார்வையைப் பறிப்பது வெறும் பயன்பாட்டுக் குறைவு மட்டுமாக இருக்க முடியாது. இரு கண்களும் புறணியில் ஒரே இடத்துக்காகப் போட்டியிடுகின்றன, தெளிவான படத்தை அனுப்பும் கண் மற்றதன் இடத்தையும் பிடித்துக்கொள்கிறது. நல்ல கண்ணைப் பேட்ச் ஒட்டி மூடும் வழக்கம் இவர்களுக்கு நெடுங்காலம் முன்பே இருந்தது என்றாலும், அது ஏன் பலன் தருகிறது என்பதற்குரிய காரணம் இங்கேதான் கிடைத்தது. பிறவிக் கண்புரையை, குறிப்பாக ஒரு கண்ணில் மட்டும் இருப்பதை, பிறந்த முதல் சில வாரங்களிலேயே அகற்ற வேண்டும் என்ற இன்றைய நடைமுறையும் இந்த ஆய்வுகளின் நேரடி விளைவு.

ஆனால் அவர்கள் அளந்தது பூனையின் மாதங்களை; மனிதக் குழந்தைக்கு 7 வயது என்றோ 8 வயது என்றோ கோடு கிழித்தது அவர்கள் அல்லர். முற்றிலும் மூடப்பட்ட கண்ணும், பவர் வித்தியாசத்தால் மங்கலாகப் பார்த்துவந்த கண்ணும் ஒன்றல்ல. 7 முதல் 17 வயது வரையிலான 507 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2005இல் வெளியான ஆய்வில், 7 முதல் 12 வயதுக்குட்பட்டவர்களில் கண்ணாடியுடன் பேட்ச், அட்ரோபின் சொட்டு மருந்து, அருகில் பார்க்கும் பயிற்சி ஆகியவற்றையும் பெற்றோரில் பாதிப் பேருக்கு மேல் பார்வை கூடியது; கண்ணாடி மட்டும் பெற்றவர்களில் கால் பங்கினருக்கே அப்படிக் கூடியது. சிறு வயதில் தொடங்கியிருந்தால் எளிதாக இருந்திருக்கும் என்பது உண்மைதான். இப்போது தொடங்குவது வீண் என்று மட்டும் யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

மறுமொழி: கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அக்காவுக்கு இரண்டு மறுமொழிகளையும் வாசித்துக் காட்டினேன். அவர் கேட்கும் ஒரு கேள்வி: இடது கண்ணின் பார்வை கூடிவிட்டால், இரு கண்களும் சேர்ந்து பார்ப்பதும் தானாக வந்துவிடுமா?

மறுமொழி: நரம்பியல் ஆய்வு மாணவி

தானாக வரும் என்று சொல்வதற்கில்லை. 1965இலேயே ஹ்யூபலும் வீசலும் பூனைக்குட்டிகளுக்குச் செயற்கையாக மாறுகண் உண்டாக்கிப் பார்த்தார்கள். இரு கண்களும் தெளிவாகப் பார்த்தும், ஒரே நேரத்தில் ஒரே பொருளைப் பார்க்காததால், இரு கண்களுக்கும் சேர்ந்து துடிக்கும் நியூரான்கள் வெகுவாகக் குறைந்துபோயின. ஆழத்தை உணர்வதற்கு அந்த நியூரான்கள் தேவை. தங்கள் அக்கா மகனுக்கு மாறுகண் இல்லை என்றால் நிலைமை இதைவிடச் சாதகமானது.

பவன் சின்ஹா என்ற, அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக விஞ்ஞானி வட இந்தியாவில் நடத்திவரும் பிரகாஷ் திட்டத்தையும் அக்காவிடம் சொல்லுங்கள். பிறவியிலேயே பார்வையிழந்து, 8 வயதுக்குப் பிறகு அறுவைச் சிகிச்சை பெற்ற பிள்ளைகளை அவர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். கையால் தொட்டு அறிந்த பொருளைக் கண்ணால் அடையாளம் காணப் பிள்ளைகளால் முதலில் முடியவில்லை. சில நாள்களிலேயே முடிந்தது. பார்வையின் கூர்மை முழுமையாக மீளவில்லை என்றாலும், அந்த வயதிலும் மூளை கற்றுக்கொண்டது.

மறுமொழி: குழந்தைகள் கண் பிரிவில் பணியாற்றும் ஆப்டோமெட்ரிஸ்ட்

அடுத்த பரிசோதனைக்குச் செல்லும்போது, எழுத்துப் பலகையில் எத்தனை வரி கூடியது என்பதோடு நிறுத்திவிடாமல், ஆழம் உணரும் ஸ்டீரியோ பரிசோதனையும் செய்யுமாறு மருத்துவரிடம் கேளுங்கள். பேட்ச் நேரத்தை அவர் சொல்லாமல் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். கண்ணாடியை மட்டும் விழித்திருக்கும் நேரம் முழுவதும் அவன் அணிந்திருக்கட்டும்.