புதுப்பிப்பு: தெருமுனைச் சாய்தளத்தில் சக்கர நாற்காலி இப்போது ஏறுகிறது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு தெருமுனையில், 15 செ.மீ. உயர நடைபாதைக்குப் போட்ட 90 செ.மீ. சாய்தளத்தில் சக்கர நாற்காலி ஏறவில்லை என்று கேட்டிருந்தேன்.

சரிவுதான் காரணம்: 1:6, அதாவது 6 செ.மீ. நீளத்துக்கு 1 செ.மீ. ஏற்றம். வேண்டியது 1:12, அதாவது 180 செ.மீ. நீளம். அதைச் சாலைப் பக்கம் நீட்டினால் வண்டிகள் போகும் இடத்தில் வந்துவிடும், வாய்க்காலும் அடைபடும். முனையில் நடைபாதையையே இறக்கச் சொன்னவரின் யோசனைதான் பலித்தது. இரு பக்கமிருந்தும் 180 செ.மீ. சரிவு, நடுவே 150 செ.மீ. சமதளம். பழைய சாய்தளத்தின் அடியில் ஒரு விரல் தடிமனுக்கு சிமெண்ட் விளிம்பு இருந்தது; சின்ன முன்சக்கரம் அதில்தான் முட்டி நின்றது. இப்போது அதுவும் இல்லை.

எதிர்பாராதது: மேடு போனதும், வெள்ளைக்கோலோடு வருபவருக்குச் சாலை எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. இது பெரிய ஆபத்து, தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். சாலை ஓரமாக, இறக்கிய அகலம் முழுக்க, 30 செ.மீ. புள்ளி ஓடு (காலிலும் கோலிலும் தட்டுப்படும்படி புள்ளிகள் புடைத்திருக்கும் ஓடு) இரண்டு வரிசை பதித்தாயிற்று. கோடு போட்ட ஓடு இங்கே கூடாது. கோடு என்றால் 'போ', புள்ளி என்றால் 'நில்'. நிறம் மஞ்சளே எடுங்கள், பார்வை மங்கியவர்களுக்கும் சாம்பல் தரையில் பளிச்சென்று தெரியும்.

முதல் மழைக்குச் சமதளத்தில் தண்ணீர் தேங்கியது. சாலைப் பக்கம் 1:50 வாட்டம் கொடுத்ததும் வடிந்துவிட்டது. வாய்க்கால் மூடியின் கம்பிகள் சக்கரம் போகும் திசைக்குக் குறுக்காக இருக்கட்டும். நெடுக்காக இருந்தால் முன்சக்கரம் இடுக்கில் இறங்கிவிடும்.