இரத்தம் ஏற்றும் முன் நோயாளியின் பெயரைத் திரும்பத் திரும்பக் கேட்பது ஏன்?

கேள்வி (அம்பாசமுத்திரம் வாசகர்)

பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனையில் என் தாயாரை இரத்தசோகைக்காகச் சேர்த்திருக்கிறோம். இரத்த வகை பார்க்க ஒருமுறை மாதிரி எடுத்தவர்கள், சிறிது நேரம் கழித்து மறுபடியும் எடுத்தார்கள். இரத்தப் பை வந்ததும் செவிலியர் இருவர் கட்டிலருகே நின்று, "உங்கள் பெயர் என்ன?" என்று அம்மாவிடம் கேட்டார்கள். நான் முந்திக்கொண்டு சொன்னதற்கு, "அவர்களே சொல்லட்டும்" என்றார்கள். கட்டில் எண்ணும் கேஸ் ஷீட்டும் எதிரிலேயே இருக்கும்போது இவ்வளவு விசாரணை எதற்கு? குறையாகச் சொல்லவில்லை, காரணம் அறிய விரும்புகிறேன்.

பதில் 1 (ஓய்வுபெற்ற செவிலியர், பாளையங்கோட்டை)

தம்பி, அவர்கள் செய்தது முறையான காரியம். நோயாளியைக் கட்டில் மாற்றுவது அன்றாடம் நடப்பது என்பதால், கட்டில் எண்ணை அடையாளமாகக் கொள்ளக் கூடாது. நம் பக்கத்தில் பெயர் மட்டும் இருந்தாலும் போதாது. குலதெய்வத்தின் பெயரைப் பிள்ளைகளுக்கு வைக்கும் வழக்கத்தால் ஒரே வார்டில் இரண்டு இசக்கியம்மாள், இரண்டு சுடலைமுத்து படுத்திருப்பது புதிதல்ல, தலைப்பெழுத்தும் ஒன்றாகிவிடுவதுண்டு. வீட்டில் அழைக்கும் பெயர் ஒன்று, ஆதாரில் உள்ள பெயர் வேறு. பிறந்த தேதி தெரியாத முதியவர்கள் பலருக்கு ஜனவரி 1 என்றே பதிவாகியிருப்பதால் அதுவும் கைகொடுக்காது. ஆகவே பெயருடன், மருத்துவமனை கொடுத்த உள்நோயாளி எண்ணையும் கைப்பட்டையில் பார்த்து, பையில் கட்டிய சீட்டோடும் கிராஸ் மேட்ச் (பையிலுள்ள இரத்தம் நோயாளிக்குப் பொருந்துமா என்று பார்க்கும் சோதனை) அறிக்கையோடும் ஒப்பிட வேண்டும். இதை நர்ஸ் மேசையில் வைத்து முடித்துவிட்டு வருவதில் பயனில்லை. நோயாளியின் அருகிலேயே செய்ய வேண்டும்.

"நீங்கள் இசக்கியம்மாள்தானே?" என்று கேட்டால் காது மந்தமானவர்களும் காய்ச்சலில் கிடப்பவர்களும் எதற்கும் தலையாட்டிவிடுவார்கள். அதனால்தான் பெயரை அவர்கள் வாயாலேயே சொல்ல வைப்பது.

பதில் 2 (இரத்த வங்கி ஆய்வக நுட்புநர், தென்காசி)

அக்கா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ஒருவரின் இரத்தம் மற்றொருவர் பெயரிட்ட குழாயில் வந்துவிட்டால், ஆய்வகத்தில் எவ்வளவு கவனமாகச் சோதித்தாலும் முடிவு தவறாகவே இருக்கும். இரத்த வகை எங்களிடம் முன்பே பதிவாகியிராத நோயாளிக்கு வேறொரு நேரத்தில், இயன்றால் வேறொருவர், இரண்டாம் மாதிரி எடுப்பது இதற்காகவே. இரண்டிலும் வகை ஒத்துவந்தால்தான் அந்த வகை இரத்தத்தைக் கொடுப்போம். குழாயில் பெயர் எழுதுவதும் இரத்தம் எடுத்த உடனே, கட்டிலருகிலேயே நடக்க வேண்டும்; முன்கூட்டியே எழுதி வைத்த குழாய்கள்தான் பெரும்பாலும் கைமாறுகின்றன.

ஓ வகையினருக்கு ஏ வகை இரத்தம் ஏறினால், அவர்கள் உடலில் இயல்பாகவே உள்ள எதிர்ப்பொருள் அந்தச் சிவப்பணுக்களை உடனே சிதைக்கும். சிறிதளவு ஏறினாலே இரத்த அழுத்தம் சரிந்து சிறுநீரகம் பழுதாகலாம். முதல் 15 நிமிடம் மெதுவாக ஏற்றிக் கூடவே நின்று கவனிப்பது இதற்காகத்தான். அந்த நேரத்தில் குளிர், நடுக்கம், இடுப்பு வலி என்று தாயார் சொன்னால் உடனே செவிலியரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

நன்றி அக்கா, நன்றி அண்ணாச்சி. நாற்கரச் சாலை விபத்தில் நினைவின்றி, உறவினரும் இல்லாமல் வருபவரை எப்படி அடையாளம் காண்பார்கள்?

பதில் 1 (ஓய்வுபெற்ற செவிலியர்)

தற்காலிக எண்ணொன்றைக் கொடுத்து, வந்த உடனே கைப்பட்டை கட்டிவிடுவோம். வகை தெரியும்வரை ஓ வகைச் சிவப்பணுக்கள்தான். பின்னர் பெயர் தெரிந்தாலும், அந்த எண்ணில் சோதித்த பைகள் ஏறி முடியும்வரை எண்ணை மாற்றக் கூடாது. மாற்ற நேர்ந்தால் புதிய மாதிரி எடுத்து முதலிலிருந்தே சோதிக்க வேண்டும். ஊசி போடுவதற்காகக் கைப்பட்டையை வெட்டினால், அப்போதே மறுகையில் கட்டிவிட வேண்டும். தாயாரின் கையிலும் அது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.