புதுப்பிப்பு: எட்டாம் வகுப்பு மகளுக்குத் தனி கணக்கு டியூஷன்

இருபது பேர் உட்காரும் டியூஷனுக்குப் போயும் மகளுக்குக் கணக்கு ஏறவில்லை, தனியாக ஒருவரிடம் அனுப்பலாமா என்று ஜூனில் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

அனுப்பினோம். வாரம் இரண்டு நாள், ஒரு மணி நேரம். "எட்டாம் வகுப்புப் புத்தகத்தை உடனே திறக்க வேண்டாம், எங்கே விட்டுப்போனது என்று முதலில் தேடச் சொல்லுங்கள்" என்று ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதியிருந்தார். கைகொடுத்தது அதுதான். அவள் தடுமாறியது இயற்கணிதத்தில் இல்லை, ஆறாம் வகுப்புப் பின்னத்தில்.

முதல் நாள் 1/2 + 1/3 கொடுத்தார்கள். மேலே மேலே, கீழே கீழே கூட்டி 2/5 என்று எழுதினாள். டீச்சர் தப்பு என்று சொல்லவில்லை. "2/5 அரையை விடப் பெரிசா, சின்னதா?" என்று மட்டும் கேட்டார். படம் வரைந்து பார்த்தவள், "அரையோட இன்னொண்ணு சேர்த்தா எப்படி மிஸ் குறையும்?" என்று அவளே அழித்துவிட்டாள். 5/6-க்கு வர இருபது நிமிடம் ஆனது. கூட்டமான வகுப்பில் அந்த இருபது நிமிடம் யார் கொடுப்பார்கள்?

எதிர்பாராதது ஒன்று: முதல் இடைத்தேர்வில் மார்க் குறைந்தது. யோசித்துப் போட்டதால் நேரம் போதவில்லை. பயந்து நிறுத்திவிடாதீர்கள். காலாண்டில் 38-லிருந்து 61 ஆனது.

அப்புறம், பென்சில் எப்போதும் பிள்ளை கையில்தான் இருக்க வேண்டும் என்று இன்னொருவர் சொன்னதையும் டீச்சரிடம் சொன்னேன், அப்படியே செய்கிறார். இப்போது வாரம் ஒரு நாள்தான் போகிறாள், சந்தேகங்களை அவளே குறித்துக்கொண்டு.