1948 போரும் எபிரேயப் புனைவின் மனச்சாட்சியும்

நெடுவாசல் (கேள்வி):
இஸ்ரேல் நாடு உருவான 1948 போரை ஒட்டி, எபிரேயக் கவிஞர் நாதன் ஆல்ட்டர்மனின் ‘வெள்ளித் தட்டு’ கவிதை 1947 டிசம்பரில் வெளிவந்தது. கனத்த காலணிகளோடு களைத்து வரும் ஓர் இளைஞனும் ஒரு பெண்ணும், யூத நாடு உங்களுக்கு வழங்கப்பட்ட வெள்ளித் தட்டு நாங்களே என்று மக்களிடம் சொல்லிவிட்டுச் சாய்கிறார்கள். இஸ்ரேலின் போர்வீரர் நினைவு நாளில் இன்றும் அது வாசிக்கப்படுகிறது. 1949இல் வந்த எஸ். யிஸ்ஹாரின் ‘கிர்பெத் கிஸே’ குறுநாவலோ, அதே தலைமுறை வீரர்கள் அரபுக் கிராமத்தாரை லாரிகளில் ஏற்றி வெளியேற்றுவதைச் சொல்கிறது. அதுவும் பள்ளிப் பாடத்தில் இடம்பெற்றது. இவ்விரண்டையும் ஒரே சமூகம் எப்படித் தன்னுடையவையாக ஏற்றுக்கொண்டது?

தாழைமடல்:
யிஸ்ஹார் வெளியாள் அல்லர். அப்போரில் உளவுப் பிரிவு அதிகாரி, பின்னர் ஆளும் மபாய் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர். அவருடைய கதைசொல்லி முணுமுணுக்கிறான், வாதிடுகிறான், ஆனால் கட்டளையை மீறுவதில்லை. நம்மவர்கள் வந்து குடியேறி இந்த நிலத்தை உழுவார்கள் என்று படைப்பிரிவுத் தலைவன் மொய்ஷே அவன் வாயை அடைக்கிறான். பெரியவர்கள் சொல்லிக் கேட்டு மட்டுமே அறிந்திருந்த நாடுகடத்தலைத் தானே பிறர்மீது சுமத்துகிறோம் என்று அவன் உணரும் இடத்தில், யூத நினைவே யூத வீரனுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. குற்றச்சாட்டு வீட்டுக்குள்ளிருந்தே எழுந்ததால்தான் அதைப் பாடமாக்க முடிந்தது என்பேன். ஆயினும் 1978இல் அதன் தொலைக்காட்சி வடிவத்தைக் கல்வி அமைச்சர் தடுத்து நிறுத்தப் பார்த்தார். பெரும் சர்ச்சைக்குப் பின்னரே அது ஒளிபரப்பாயிற்று.

கரிசல்:
இந்த மனச்சாட்சியை நான் அவ்வளவு மெச்ச மாட்டேன். வெளியேற்றப்படுபவன் அதில் பேசுவதே அரிது. இஸ்ரேலிய எழுத்தாளர் ஏ. பி. யெஹோஷுவாவின் ‘காடுகளுக்கு எதிரே’ (1963) கதையில், அழிந்த அரபுக் கிராமத்தின்மேல் நட்ட காட்டில் வேலை செய்யும் கிழவனுக்கு நாக்கே இல்லை. அவன் தீ வைத்த பிறகுதான் கிராமம் வெளியே தெரிகிறது. வட இஸ்ரேலில் உள்ள கலிலேயாவின் பஸ்ஸூத்தா கிராமத்தில் பிறந்த அரபுக் கிறித்தவரான அன்டோன் ஷமாஸ் 1986இல் ‘அரபெஸ்குகள்’ நாவலை எபிரேயத்திலேயே எழுதியபோது, அந்த இலக்கியம் யூதர்களுக்கு மட்டும் உரியதா என்ற கேள்வி எழுந்தது. தேசிய அடையாளத்தை உண்மையில் உலுக்கியது அதுதான்.

தாழைமடல்:
ஷமாஸைப் பற்றி உடன்படுகிறேன். இஸ்ரேலிய எழுத்தாளர் டேவிட் கிராஸ்மனின் 2008ஆம் ஆண்டு நாவலையும் (ஆங்கிலத்தில் ‘டு தி எண்ட் ஆஃப் தி லேண்ட்’) சேர்த்துக்கொள்ளுங்கள். படையில் இருக்கும் மகனின் மரணச் செய்தி தன்னை எட்டக் கூடாதென்று ஓரா என்ற தாய் வீட்டைவிட்டுக் கிளம்பி கலிலேயாவில் நடக்கிறாள். ஆனால் அதற்கு முன், பாலஸ்தீனர்களுக்கு எதிரான நடவடிக்கைக்குச் செல்லும் அவனைப் படை கூடுமிடத்தில் சேர்க்க அவள் அழைத்தது பல ஆண்டுப் பழக்கமுள்ள அரபு ஓட்டுநர் சாமியின் டாக்சியை. அது அவருக்கு எத்தகைய அவமதிப்பு என்பது அவளுக்குத் தாமதமாகவே உறைக்கிறது.