ஜப்பான் காருக்குக் கார்க் கம்பனியின் ஒரிஜினலா, வேறு கம்பனிகளின் வெளிச்சாமானா? எங்களுக்கு நடந்தவை

என்னிடம் இருப்பது 2004ஆம் ஆண்டு டொயோட்டா 121 கொரோலா. இதை விற்றுவிட்டு வேறொன்று எடுக்கலாம் என்று இருந்தபோதுதான் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், அப்புறம் 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை போக, சாமான் விலையும் அதோடு ஏறியது. அந்த நேரம் பார்த்து, என்ஜினைக் குளிரவைக்கும் கூலன்ட்டைச் சுற்றவிடும் வோட்டர் பம்ப் போனது.

கொழும்பில் வாகனச் சாமான் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் மூன்று கடை ஏறி இறங்கினேன். ஒன்றில் டொயோட்டா பெட்டி, இன்னொன்றில் ஐசின் என்ற கம்பனியின் பெட்டி, மூன்றாவதில் நான் கேள்விப்படாத ஒரு பெயர், விலை ஐசினில் மூன்றில் ஒரு பங்கு. "இதுவும் ஜப்பான்தான் தம்பி, ஆறு மாதம் கரன்டி" என்றார் கடைக்காரர். வாங்கிவிட்டேன்.

நாலு மாதம் ஓடியது. குடும்பத்தோடு கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வரும் வழியில், முறிகண்டியில் எல்லாரையும் போல இறங்கி, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சானும் வாங்கிக்கொண்டு திரும்பினால் சாரதிப் பக்கச் சில்லுக்குக் கிட்ட நிலம் நனைந்திருக்கிறது. பம்பின் அடியில் சின்னத் துளை ஒன்று இருக்கும், உள்ளே சீல் போனால் கூலன்ட் அதால்தான் கசியும். அந்தத் துளையைச் சுற்றி இளஞ்சிவப்பாக உப்புப் படிந்தது போலக் காய்ந்திருந்தது. அன்றைக்குத் தொடங்கிய ஒழுக்கு இல்லை அது. கொஞ்சத் தூரம் எடுத்தேன், வெப்ப ஊசி ஏறத் தொடங்கியதும் நிறுத்திவிட்டேன், இன்னும் ஓட்டியிருந்தால் அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்து என்ஜினே பிரிக்க வேண்டி வந்திருக்கும். மத்தியான வெயில், பின் சீற்றில் அம்மாவும் ஒன்றரை வயது மகளும். கடைசியில் லொறியில் ஏற்றித்தான் கிளிநொச்சிக்குக் கொண்டுபோனோம்.

கராஜ் அண்ணை கழட்டிய பம்பைக் கையில் தந்து "சுத்திப் பாருங்கோ" என்றார். மணலை அரைப்பது போலக் கரகரத்தது. "கழட்டிப் பூட்டுற கூலி ரெண்டு தரம், கூலன்ட் ரெண்டு தரம், லொறிக் காசு வேற. இது மலிவோ தம்பி?"

ஐசின் பூட்டி மூன்று வருடமாகிறது, ஒரு சொட்டு இல்லை. டொயோட்டாவுக்கு வோட்டர் பம்ப் செய்து கொடுப்பவர்களில் ஐசினும் ஒன்று என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். செய்தவனே தன் பெட்டியில் போட்டு விற்றால் விலை குறைகிறது, அவ்வளவுதான். இப்போது கடையில் நான் முதலில் கேட்பது, இதைச் செய்தது யார்.

—

வவுனியாவிலிருந்து எழுதுகிறேன், டொயோட்டா டொல்பின் ஹயஸ் வான் ஹயருக்கு ஓடுகிறேன். நான் பிரேக் பேட் வாங்கும்போது டொயோட்டா பெட்டிக்கு முழு விலை கொடுத்தே ஏமாந்தவன்.

நுவரெலியாவிலிருந்து றம்பொடைப் பக்கம் இறங்குகிறோம், உள்ளே பதினொரு பேர். நாலைந்து வளைவு தாண்டியதும் எரிந்த மணம். பெடல் கல்லுப் போல இருக்கிறது, மிதித்தால் வண்டி பிடிக்கவில்லை. மூன்றிலிருந்து இரண்டுக்கு, இரண்டிலிருந்து ஒன்றுக்குக் கியரை இறக்கி, ஹான்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, தேயிலைக்கரை ஓரம் நிறுத்தினேன். இறங்கியபோது கால் நடுங்கியது.

கழட்டிப் பார்த்தால் பிரேக் பேட்டின் முகம் கண்ணாடி போலப் பளபளக்கிறது, ஓரத்தை நகத்தால் கீறினால் உதிர்கிறது. பெட்டியில் இலக்கம் சரியாக 04465 என்றுதான் தொடங்கியது, முன் பேட்டுக்கு டொயோட்டா போடும் இலக்கம் அது. போலிப் பெட்டி அடிக்கிறவனுக்கும் அந்த இலக்கம் தெரியும்தானே. பேட்டின் முதுகில் இருந்த எழுத்தைப் பெட்ரோல் துணியால் துடைத்தேன், போய்விட்டது. அன்றிலிருந்து பிரேக் சாமானை டொயோட்டா முகவரிடம் பில்லோடுதான் எடுக்கிறேன். அந்தக் கடை இருக்கும் பக்கமே போவதில்லை.

—

இரண்டு பேர் சொன்னதும் சரி. ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரிஜினல் என்று நிற்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன். மட்டக்களப்பில் எங்களிடம் இருப்பது டொயோட்டா விட்ஸ் என்ற சின்னக் கார். முன் பம்பர் தாய்வான், ஓரத்தில் அரை விரல் இடைவெளி விழுகிறது, ஆனால் அதனால் யாருக்கும் ஆபத்தில்லை. பக்கக் கண்ணாடி ஜப்பானில் கழட்டி வந்த பாவித்த சாமான், புதியதைவிட நன்றாகப் பொருந்தியது. ஷொக் அப்சோபர் கேவைபி, முன் சில்லுப் பக்க மூட்டான போல் ஜொயின்ட் 555, இரண்டும் ஜப்பான் கம்பனிகள், ஐந்து வருடமாகக் குறையில்லை. 555இலும் போலி நிறைய வருகிறது, அதனால் கராஜ்காரரைக் கூட்டிக்கொண்டு போய்த்தான் எடுத்தோம். பாவித்ததில் ரப்பரும் பிரேக்கும் மட்டும் எடுக்காதீர்கள், எத்தனை வருடம் கிடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. கடைக்குப் போகும்போது சேசி இலக்கத்தைப் படம் எடுத்து, கழட்டிய பழைய சாமானையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள், வாயால் மொடல் சொல்லி வாங்கி இரண்டு தரம் திருப்பிக் கொடுத்திருக்கிறோம்.

கொரோலாக்காரர் சொன்ன அந்தத் துளையை இன்று காலை ரோர்ச் அடித்துப் பார்த்தோம். எங்கள் விட்ஸிலும் இளஞ்சிவப்பாகக் காய்ந்திருக்கிறது. நாளைக்குக் கராஜுக்குக் கொண்டுபோகிறோம், ஐசின் என்ன விலை போகிறது என்று யாராவது சொல்லுங்கள்.